பெயரை நிறுத்துப் பாருங்கள்: மட்டாஞ்சேரி மிளகும் மலிவுக் கணினியின் நுண்செயலியும்

மட்டாஞ்சேரியில் மிளகு வாங்கும் வணிகர் மூட்டையின்மேல் எழுதியிருக்கும் பெயரை வைத்து விலை பேசுவதில்லை. ஒரு கை அள்ளிப் பார்ப்பார். லிட்டர் அளவையில் நிரப்பி எடை போடுவார். ஈரம் எவ்வளவு, பதர் எவ்வளவு என்று விசாரிப்பார். ஒரு லிட்டர் மிளகு 550 கிராம் நிற்கிறதா, 500 கிராம் நிற்கிறதா என்பதில்தான் சரக்கின் மதிப்பு இருக்கிறது. ‘எம்.ஜி.1’ என்ற தரப்பெயருக்கு உலகச் சந்தையில் மரியாதை இருந்ததற்குக் காரணம், அந்தப் பெயருக்குப் பின்னால் சோதித்துப் பார்க்கக்கூடிய ஓர் அளவை இருந்ததுதான். யூதர் தெருவில் 1957இல் மிளகுக்கான முன்பேர வணிகம் தொடங்கியபோதும், கண்ணால் காணாத சரக்கை வாங்கவும் விற்கவும் முடிந்தது இந்த அளவைகளின்மேல் இருந்த நம்பிக்கையால்தான்.

அதே தெருக்களிலிருந்து படகேறி எர்ணாகுளத்துக் கடைகளுக்குக் கணினி வாங்கப் போகும் மாணவர் கேட்கும் முதற்கேள்வி, “ஐ7 இருக்கிறதா?” என்பது. எந்த ஆண்டின் ஐ7, எத்தனை கோர், எவ்வளவு மின்சாரம் இழுக்கும், தன் வேலைக்கு அது வேண்டுமா என்ற கேள்விகள் எழுவதில்லை. பாட்டன்மார் மிளகில் கடைப்பிடித்த ஒழுங்கு பேரப்பிள்ளைகளின் கணினியில் காணாமற்போயிற்று. இதைத் தனிமனித அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. கருத்தாக்கத்துக்கும் அதை அளக்கும் கருவிக்கும் உள்ள இடைவெளியைப் பற்றி ஆய்வு முறையியல் வகுப்பில் ஒரு பருவம் முழுதும் பாடம் நடத்தும் பேராசிரியர்களே, துறைக்குக் கணினி வாங்கும்போது “ஐ7 அல்லது அதற்கு மேல்” என்று எழுதிக் கையொப்பமிடுகிறார்கள்.

இது சிறிய விஷயம் என்று நினைப்பவர்கள் உதவித்தொகைக் கணக்கைப் பார்க்க வேண்டும். 2023 ஜனவரி முதல் இளநிலை ஆய்வு உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். ‘நெட்’ வழி உதவித்தொகை கிட்டாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வு செய்வோர் பெறுவது மாதம் 8,000 ரூபாய். பின்னவருக்கு 32,000 ரூபாய்க் கணினி என்பது உணவும் உறைவிடமும் கழிக்காத நான்கு மாத வருமானம். அந்தப் பணத்தில் 5,000 ரூபாய் பிழையான இடத்தில் போனால், அவருடைய ஆய்வில் ஒரு களப்பயணம் குறைகிறது. மலிவுக் கணினிக்கு நுண்செயலி தேர்ந்தெடுப்பது, கடைத்தெரு மொழியில் ‘பிராசசர் பார்ப்பது’, ஆய்வு வளங்களின் பங்கீட்டைப் பற்றிய கேள்வியும்கூட.

முதலில் பெயரை நிறுத்துப் பார்க்கலாம். இன்டெல் நிறுவனத்தின் ஐ7-2600 வெளிவந்தது 2011இல். நான்கு கோர், எட்டு திரெட். ஐ3-12100 வந்தது 2022இல். அதற்கும் நான்கு கோர், எட்டு திரெட். பெயரை மட்டும் கேட்டால் முன்னது மூத்தது, பின்னது இளையது. வேலையில் வைத்துப் பார்த்தால் பதினொரு ஆண்டுக் கட்டமைப்பு வளர்ச்சி பின்னதில் இருக்கிறது. கோருக்குக் கோர் அது மிக வேகமானது. அலுவலகங்கள் கழித்துப்போட்ட கணினிகளைத் துடைத்து ‘ஐ7 கம்ப்யூட்டர்’ என்று விற்கும் வணிகம் இந்த மயக்கத்தில்தான் பிழைக்கிறது. மடிக்கணினியில் நிலைமை இன்னும் மோசம். 2016இல் வந்த ஐ7-7500யூ என்ற நுண்செயலிக்கு இருந்தவை இரண்டே கோர்கள். 2017 ஜனவரியில் நான்கு கோர், நான்கு திரெட்டுடன் ஐ5-7400 என்று விற்கப்பட்ட அதே அமைப்பு, அவ்வாண்டு அக்டோபரில் ஐ3-8100 என்ற பெயரில் வந்தது. ஒன்பது மாதத்தில் ஐந்து மூன்றாயிற்று. சரக்கு குறையவில்லை, சொல்லப்போனால் அடிப்படை வேகம் கூடியிருந்தது.

இன்டெல்லை மட்டும் குற்றம் சாட்டி ஏ.எம்.டி.க்கு மாலை போடுவதற்கும் இடமில்லை. 2022இல் வந்த ரைசன் 5 7520யூ, தன் பெயரில் 7000 வரிசையைத் தாங்கியிருக்கிறது. உள்ளே இருப்பது 2019இல் அறிமுகமான ஜென் 2 கட்டமைப்பு. ஏறத்தாழ அதே பெயர் கொண்ட ரைசன் 5 7640யூவில் இருப்பது ஜென் 4. வேறுபாட்டைச் சொல்வது மூன்றாம் இலக்கம் மட்டுமே. அதைப் படிக்கத் தெரிந்தவர் தப்பித்தார்; ‘ரைசன் 5, ஏழாயிரம் வரிசை’ என்று கேட்டு வாங்கியவர் மூன்றாண்டுப் பழைய கட்டமைப்பைப் புதுப் பெட்டியில் வாங்கினார். பெயரிடும் முறையே வாங்குபவரைக் குழப்பும்படி அமையும்போது, அதைப் படித்தறிவது நுகர்வோர் தற்காப்பின் முதற்படியாகிறது.

பெயருக்கு அடுத்தபடியாக மாணவர் நம்புவது ஒப்பீட்டுக் காணொளி. காணொளிகள் பொய் சொல்வதில்லை. அவை வேறொரு கேள்விக்கு விடை சொல்கின்றன. நுண்செயலிகளுக்கு இடையிலான வேறுபாட்டைத் தனித்துக் காட்ட வேண்டும் என்பதற்காக, சோதிப்பவர்கள் சந்தையிலேயே விலையுயர்ந்த கிராபிக்ஸ் அட்டையைப் பொருத்தி, திரையின் துல்லியத்தைக் குறைத்துவைத்து விளையாட்டுகளை ஓட்டுகிறார்கள். கிராபிக்ஸ் அட்டை தடையாக நிற்கக் கூடாது என்பதே நோக்கம். ஆய்வு முறையியலில் இது மாறிகளைக் கட்டுப்படுத்துதல், குற்றமில்லை. ஆனால் கிராபிக்ஸ் அட்டையே வாங்கப்போகாத ஒருவர் அந்தப் பட்டையட்டவணையைப் பார்த்து 30 விழுக்காடு வேகத்துக்காகக் கூடுதல் பணம் கொடுத்தால், ஆய்வகச் சூழலின் முடிவைக் களத்துக்கு அப்படியே பொருத்தியவர் ஆகிறார். முதுகலை மாணவரின் ஆய்வேட்டில் இதே பிழை இருந்தால் வாய்மொழித் தேர்வில் தப்ப முடியாது.

மூன்றாவது மயக்கம் கோர்களின் எண்ணிக்கை. ஜீன் ஆம்டால் 1967இல் முன்வைத்த வாதம் இன்றும் எளிமையானது: ஒரு வேலையில் எந்தப் பகுதியைப் பிரித்துச் செய்ய முடியாதோ, அந்தப் பகுதியே மொத்த வேகத்துக்கு வரம்பு கட்டும். ஒரு பணியின் 40 விழுக்காடு வரிசையாகவே நடக்க வேண்டியது என்று கொண்டால், ஆறு கோர்கள் அதை இரண்டு மடங்கு வேகமாக்கும். பதினாறு கோர்கள் ஏறத்தாழ 2.3 மடங்கு ஆக்கும். எண்ணற்ற கோர்களைக் கொட்டினாலும் 2.5 மடங்கைத் தாண்ட முடியாது. ஆறிலிருந்து பதினாறுக்குப் போகக் கொடுக்கும் விலையையும் கிடைக்கும் அந்தச் சிறு வேகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முடிவு தானாகவே வரும்.

ஆய்வாளரின் வேலையும் ஒரே வகையானது இல்லை. லேடெக்கில் ஆய்வேட்டை அச்சுக்கோப்பது ஒரே கோரில் நடக்கும் வேலை. ஆர் மொழியில் எழுதும் சாதாரணப் புள்ளியியல் நிரலும், தனியே ஏற்பாடு செய்தாலொழிய, ஒரே கோரில்தான் ஓடும். இவற்றுக்குக் கோருக்குரிய வேகம் முக்கியம், எண்ணிக்கை முக்கியமில்லை. கொச்சியின் டச்சுக்கால ஆவணங்கள் சென்னையில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றையோ பழைய மலையாள, தமிழ் இதழ்களையோ ஆயிரக்கணக்கான படக்கோப்புகளாக வைத்து ஆராய்பவருக்குத் தேவை வேறு. படங்களைத் திறந்து ஒப்பிட அவருக்கு ரேம் வேண்டும், சேமித்துவைக்க எஸ்.எஸ்.டி.யும், படியெடுத்துவைக்க இன்னொரு வட்டும் வேண்டும். அச்சுப் பக்கங்களை டெசராக்ட் போன்ற எழுத்துணரி மென்பொருளில் ஓட்டும்போது மட்டும், பக்கங்களைப் பகிர்ந்துகொள்ளலாம் என்பதால், கூடுதல் கோர்கள் உண்மையாகவே உதவும். அந்த வேலைக்கும் ஆறு கோர் போதும். இரவில் ஓடவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்ளலாம். தன் வேலை இவற்றில் எது என்று ஒரு தாளில் எழுதிப் பார்க்காதவர் கடைக்குப் போகத் தயாராகவில்லை என்றே பொருள்.

இங்கிருந்துதான் பங்கீட்டுக் கணக்கு தொடங்குகிறது. குறைந்த பணத்தில் கட்டும் கணினியில் நுண்செயலிக்குக் கூடுதலாகப் போகும் ஒவ்வொரு ரூபாயும் வேறொரு பாகத்திலிருந்து பிடுங்கப்பட்ட ரூபாய். ஐ7 வாங்கிவிட்டு 8 ஜி.பி. ரேமை ஒற்றைத் துண்டாகப் போட்டுத் திணறும் கணினிகள் விடுதி அறைகளில் எத்தனையோ. நுண்செயலிக்குள்ளேயே கிராபிக்ஸ் இருந்தால் அது ரேமைத்தான் பகிர்ந்துகொள்ளும். ஒரே துண்டாக இல்லாமல் இரண்டு துண்டாகப் போட்டாலே வேகம் தெரியும்படி கூடும். 2025இன் பிற்பகுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. மைக்ரான் நிறுவனம் தன் ‘குரூசியல்’ என்ற நுகர்வோர் வணிகத்திலிருந்து விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ரேமே பெருஞ்செலவாகிவிட்ட காலத்தில் நுண்செயலியில் சிக்கனம் பிடிப்பது இன்னும் கட்டாயமாகிறது. கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினியில் மொத்தச் செலவில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் நுண்செயலிக்குப் போகக் கூடாது என்பது பின்பற்றத்தக்க வரம்பு.

எழுத்துகளையும் படிக்க வேண்டும். ஐ3-12100எஃப் சில ஆயிரம் ரூபாய் மலிவு என்று வாங்கியவர் வீட்டுக்கு வந்து திரையை இணைத்தால் படம் வராது. ‘எஃப்’ என்றால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை என்று பொருள். ரைசன் 5 5500இலும் அது இல்லை. ரைசன் 5 5600ஜியில் உண்டு. தனி அட்டை வாங்கப் பணமில்லாத ஆய்வாளருக்கு இந்த ஓர் எழுத்தின் விலை ஒரு மாத உதவித்தொகைக்கு மேல் போகலாம்.

மட்டாஞ்சேரிக்கென்றே உரிய கணக்கும் உண்டு. கடலுப்புக் காற்று, ஆண்டு முழுவதும் ஈரம், துலாவர்ஷத்தின் இடிமின்னல். இந்த ஊரில் கணினியைக் காப்பது தரமான எஸ்.எம்.பி.எஸ்., ஒழுங்கான எர்த், ஒரு யூ.பி.எஸ். ஆகியவையே. ஐ9-14900கே உச்ச நிலையில் 253 வாட் இழுக்கும். ஐ3-12100இன் உச்சம் 89 வாட். வெப்பமும் மின்கட்டணமும் குளிர்விசிறியின் விலையும் இந்த எண்களின் பின்னாலேயே வருகின்றன. விலை கூடினால் நம்பகம் கூடும் என்ற எண்ணமும் 2024இல் உடைந்தது. இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை உயர்விலை நுண்செயலிகள் மிகையான மின்னழுத்தத்தால் நிலைகுலைந்தன. நிறுவனமே அதை ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தை இரண்டாண்டு நீட்டிக்க நேர்ந்தது.

“இப்போது செலவு செய்தால் பத்தாண்டுக்குக் கவலையில்லை” என்ற வாதம் மிகவும் மதிப்புக்குரியதுபோல் ஒலிக்கிறது. அதில் பாதி உண்மை. எதிர்காலத்துக்கான இடம் நுண்செயலியின் விலையில் இல்லை; அது உட்காரும் சாக்கெட்டில் இருக்கிறது. 2017இல் ரைசனுடன் பரவிய ஏ.எம்.4 சாக்கெட்டுக்கு 2024இலும் புதிய நுண்செயலிகள் வந்தன. அன்று மலிவான ரைசன் 3 வாங்கி ஒரு நல்ல மதர்போர்டில் பொருத்தியவர், பலகையின் பயாஸைப் புதுப்பித்து, ஐந்தாறு ஆண்டுக்குப் பின் ஆறு கோர்களுக்கு மாற முடிந்தது. அன்றே எட்டு கோர் வாங்கியவருக்கு அந்தப் பணத்தின் பெரும்பகுதி வீண். இன்றைய ஏ.எம்.5 பலகைகள் டி.டி.ஆர்.5 ரேமை மட்டுமே ஏற்கும். ரேம் விலை ஏறிய இந்நாளில், கையில் பழைய டி.டி.ஆர்.4 துண்டுகள் உள்ளவருக்கு ஏ.எம்.4 அல்லது இன்டெல்லின் எச்610 டி.டி.ஆர்.4 பலகை நியாயமான வழி. எதுவும் கையில் இல்லாமல் தொடங்குபவர், பின்னாளில் மேம்படுத்தும் எண்ணம் உறுதியாக இருந்தால் மட்டும், ஏ.எம்.5ஐக் கருதலாம்.

எதிர்ப்புறத்திலும் ஒரு பிழை இருக்கிறது. அது முதற்பிழையைவிடக் கொடியது. “கலை, மொழி, வரலாறு படிப்பவருக்கு இது போதும்” என்று சொல்லி இரண்டு கோர் செலரானும் 4 ஜி.பி. ரேமும் கொண்ட பெட்டியைக் கையில் திணிக்கும் மனப்பான்மை அது. பெருந்தொற்றுக் காலத்து இணையவழி வகுப்புகள் அத்தகைய கருவிகளின் போதாமையை வீடுதோறும் காட்டின. 2022இல் இன்டெல், செலரான், பென்டியம் என்ற பெயர்களைக் கைவிட்டு, அவற்றின் இடத்தில் வெறும் ‘இன்டெல் புராசசர்’ என்று அச்சிட முடிவு செய்தது. பெயர் மறைந்தது, அடித்தட்டு மறையவில்லை. நான்கு சிறு கோர்கள் கொண்ட என்100 தட்டச்சுக்கும் படிப்புக்கும் நன்றாகவே உதவும். ஆனால் பத்தாயிரம் பக்கங்களை எழுத்துணரியில் ஓட்டும் வரலாற்று மாணவரிடம் அதைக் கொடுத்து “போதும்” என்று சொல்பவர், மாணவரின் வேலையைக் கேட்காமல் அவருடைய துறையின் பெயரைக் கேட்டு முடிவு செய்கிறார். ஐ7 என்று கேட்டு வாங்குவதும் வரலாறு என்று கேட்டு மறுப்பதும் ஒரே நோயின் இரண்டு முகங்கள்.

மென்பொருளைப் பேசாமல் இந்த வாதம் முழுமையடையாது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை ஏற்பதில்லை. 2017இல் உச்சத்தில் இருந்த ஐ7-7700கே கூடப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறது. அந்த நுண்செயலி பழுதாகவில்லை. ஓர் அறிவிப்பு அதைப் பழையதாக்கியது. கேரளத்தின் பள்ளிகள் இதற்கு வேறொரு விடையை இருபதாண்டுகளாக நடைமுறையில் வைத்திருக்கின்றன. 2001இல் தொடங்கிய ஐ.டி.@ஸ்கூல் திட்டமும், 2017 முதல் அதன் தொடர்ச்சியான கைட் நிறுவனமும் பள்ளிக் கணினிகளைக் குனூ/லினக்ஸில் ஓட்டுகின்றன. தமிழ்நாட்டின் விலையில்லா மடிக்கணினிகளிலும் சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் இடம்பெற்றிருந்தது. மட்டாஞ்சேரியின் அரசுப் பள்ளியில் லினக்ஸில் கணினி பழகிய மாணவர், பல்கலைக்கழகத்துக்கு வந்ததும் விண்டோஸுக்காகப் புது நுண்செயலி வாங்க வேண்டும் என்று நம்பவைக்கப்படுவது ஒரு கல்வித் தோல்வி. பழைய நான்கு கோர் கணினியில் ஓர் எஸ்.எஸ்.டி.யும் கொஞ்சம் ரேமும் சேர்த்து லினக்ஸ் நிறுவினால், பலருக்கு வாங்க வேண்டிய நுண்செயலியே இல்லை. ஆகச் சிக்கனமான தேர்வு அதுதான்.

ஒரு மறுப்பு நேர்மையாகவே எழும்: மூலக்கூறு உருவகப்படுத்தலும் ஆழ்கற்றலும் செய்பவர்கள் என்ன செய்வது? அவர்களுக்கு இந்த வரம்புகள் பொருந்தா. ஆனால் அவர்களுடைய விடையும் ஐ9 மேசைக் கணினி இல்லை. அந்த வேலைகளுக்குத் தேவையானவை கிராபிக்ஸ் அட்டைகளும் கணிப்புக் கொத்துகளும். 2015இல் தொடங்கிய தேசிய மீக்கணினித் திட்டம் பொதுப்பணத்தில் இயங்குகிறது. அதில் தங்கள் மாணவருக்கு நேரம் பெற்றுத்தர வேண்டிய வழிகாட்டி, “நல்ல கம்ப்யூட்டர் ஒன்று வாங்கிக்கொள்” என்று சொல்லித் தன் கடமையை மாணவரின் சட்டைப்பைக்கு மாற்றிவிடக் கூடாது.

கொள்முதல் குழுக்களுக்கும் ஒரு சொல். 2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 144ஆம் விதி, வாங்கும் பொருளின் விவரக்குறிப்பு நிறுவனத்தின் தேவையை ஒட்டித் தெளிவாக இருக்க வேண்டும் என்றும், வீண்செலவுக்கு இடந்தரும் தேவையற்ற அம்சங்கள் அதில் சேரக் கூடாது என்றும் அறிவுறுத்துகிறது. தலைமுறையைக் குறிப்பிடாத “ஐ7 அல்லது அதற்கு மேல்” என்ற வரி இந்த விதியின் இரு பாதிகளையும் மீறுகிறது. அது தெளிவாகவும் இல்லை, தேவையை ஒட்டியும் இல்லை. பத்தாண்டுப் பழைய சரக்கைத் தள்ளிவிட நினைக்கும் விற்பனையாளருக்கு அது கதவைத் திறக்கிறது. புதிய ஐ5ஐ நியாய விலையில் தரக்கூடியவருக்கு மூடுகிறது. கோர் எண்ணிக்கை, கட்டமைப்பின் ஆண்டு, ரேமின் அளவும் துண்டுகளும், எஸ்.எஸ்.டி.யின் அளவு, உத்தரவாத ஆண்டுகள் என்று எழுதினால் ஒரு பக்கம்கூட வராது. அதை எழுதும் உழைப்பைத் துறைகள் ஏன் தவிர்க்கின்றன என்பதை மாணவர்கள் கேட்க வேண்டும்.

1663இல் கொச்சியைக் கைப்பற்றிய டச்சுக் கம்பெனி, மிளகைத் தனக்கு மட்டுமே, தான் வைத்த விலைக்கு விற்க வேண்டும் என்று ஒப்பந்தங்களால் கட்டிப்போட்டது. விற்பவருக்கு ஒரே வாசல். இன்று மேசைக் கணினிக்கு நுண்செயலி வாங்குபவருக்கு அநேகமாக இரண்டு வாசல்கள், இன்டெல், ஏ.எம்.டி. இரண்டின் தலைமையகமும் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாரா என்ற ஒரே நகரம். ஐ.ஐ.டி. மதராஸின் சக்தியும் திருவனந்தபுரம் சி-டாக்கின் வேகாவும் மாணவரின் மேசைக்கு இன்னும் வந்து சேரவில்லை. விலையை மாற்றும் வலிமை மட்டாஞ்சேரி மாணவரிடம் இல்லை. அளந்து வாங்கும் உரிமை இருக்கிறது. தன் வேலையை எழுதி வைத்துக்கொண்டு, வெளியான ஆண்டையும் கோரையும் கடைசி எழுத்தையும் கேட்டு, ரேமுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் உரியதை ஒதுக்கிவிட்டு, மிச்சப் பணத்துக்கு நுண்செயலி வாங்குபவரை எந்த விளம்பரமும் ஏமாற்றாது. அந்தக் கேள்விகளை வகுப்பில் கற்பிக்காத பல்கலைக்கழகம், மாணவரின் நான்கு மாத வருமானம் வீணாவதில் பங்காளி.